மச்சானா, பங்காளியா?

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை. “உடம்பு சரியில்லையா?” என்று கேட்டுப் பதினோரு கடிதங்கள். “ஒரு வாரம் நிம்மதி” என்று ஒரே ஒரு கார்டு. பன்னிரண்டு பேருக்கும் நன்றி!

உடம்புக்கு ஒன்றுமில்லை. திருப்பூரில் ஒரு சாவுக்குப் போயிருந்தேன்.

இறந்தவர் எனக்குச் சொந்தக்காரர் இல்லை. ஆனால் அவர் வீட்டு வாசலில் எனக்கு ஒரு வேலை இருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பொய் சொல்லியிருந்தேன் — அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

மதராஸுக்கு வந்து பேனா பிடிப்பதற்கு முன்னால் நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் குமாஸ்தா. பண்டல் கட்டும் இடத்தில் உட்கார்ந்து லேபிள் எழுதுவேன். முப்பத்தாறு சைஸ், ரவுண்ட் நெக், கை வைத்தது... நாள் முழுக்க இதேதான். இந்த வேலையில் என்ன கர்வப்பட முடியும்? அதனால் வேறொரு விஷயத்தில் கர்வப்பட்டுக்கொண்டேன். முறை சொல்லுவதில்!

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டம் உண்டு. கூட்டத்துக்கு ஒரு குலதெய்வக் கோயில் உண்டு. ஒரே கூட்டம் என்றால் முன்னே பின்னே பார்த்திராத இரண்டு பேரும் பங்காளிகள். அண்ணன் தம்பி முறை. வேறு வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான் முறை. பெண் கொடுக்கலாம், எடுக்கலாம்.

இதில் என்ன வித்தியாசம் என்கிறீர்களா? ஏகப்பட்ட வித்தியாசம். மச்சானை நடுத்தெருவில் வைத்துக் கேலி செய்யலாம். தோளில் கை போடலாம். கன்னத்தைக் கிள்ளலாம். கட்டிப் புரளலாம். ஊரே பார்த்துச் சிரிக்கும். பங்காளியிடம் அந்தப் பேச்செல்லாம் ஆகாது. அண்ணன் என்றால் அண்ணன்தான், தள்ளி நிற்க வேண்டும்.

நான் மூன்று கேள்வி கேட்பேன். எந்தக் கூட்டம்? குலதெய்வம் எது? அம்மா பிறந்த ஊர் எது? அவ்வளவுதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எனக்குச் சித்தப்பாவா, மாமாவா என்று அவிநாசி வருவதற்குள் சொல்லிவிடுவேன். இருபத்து நாலு வயசில் இப்படி ஒரு கிறுக்கு!

எங்கள் கம்பெனியில் சென்னியப்பன் என்று ஒருவர் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக மேஜையில் விரித்து, அட்டை வைத்து வெட்டுகிற வேலை. நல்ல உயரம், முறுக்கிய மீசை. கொமரலிங்கத்துக்காரர். தாராபுரத்திலிருந்து வந்த நாச்சிமுத்து தையல் மெஷினில் இருந்தார். சென்னியப்பனைவிட இரண்டு வயசு சின்னவர். ஒல்லி, கூச்சம், சிரித்தால் மட்டும் வாய் கொள்ளாது. பெயர்களை மாற்றியிருக்கிறேன், கவலைப்படாதீர்கள்.

இரண்டு பேருக்கும் கல்யாணமாகவில்லை. சேர்ந்து ஒரே வீட்டில் இருந்தார்கள். நானும் அம்மாவும் மூன்று வீடு தள்ளி.

வீட்டுக்காரி பழனியம்மா. பத்து லைன் வீடுகளுக்குச் சொந்தக்காரி, முகப்பில் இட்லிக் கடையும் அவருடையதே. கட்டைப் பிரம்மச்சாரிகளுக்கு வீடு கிடையாது என்பது அவர் சட்டம். இந்த இரண்டு பேருக்கு மட்டும் எப்படிக் கொடுத்தார்? நானே கேட்டிருக்கிறேன்.

“அவிய மாமன் மச்சானல்லோ கண்ணு! ஒருத்தன் தப்பு வழிக்குப் போனா இன்னொருத்தன் உடுவானா? ஒருத்தனுக்கொருத்தன் காவலு.”

அந்தக் காவலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

காலையில் இட்லிக் கடை பெஞ்சில் இரண்டு பேரும் தொடை உரச உட்காருவார்கள். நாச்சிமுத்து ஆரம்பிப்பார்.

“ஏனுங் மச்சான், சட்னி பூராத்தையும் நீங்களே வழிச்சுப்போட்டா நான் வெறும் இட்லியவா முழுங்கறது?”

“உங்கக்காளை எனக்குக் கட்டிக் குடுத்திருந்தா, நான் எதுக்கு மாப்ளே கடைச் சட்னிக்கு அலையறேன்?”

“எங்கக்காளைக் கட்டியிருந்தீங்கன்னா இந்நேரம் உங்க காது ரெண்டும் முழ நீளம் தொங்கியிருக்கும்!”

பெஞ்சே சிரிக்கும். நாச்சிமுத்து வீட்டுக்கு ஒரே பிள்ளை. அக்காளும் கிடையாது, தங்கையும் கிடையாது. அது யாருக்கு வேண்டும்?

“எப்பப்பா கல்யாணம்?” என்று யாராவது சென்னியப்பனைக் கேட்டால், “மொதல்ல மாப்ளைக்கு ஆகட்டுமுங்க” என்பார். நாச்சிமுத்துவைக் கேட்டால், “மச்சானுக்கு ஆகாம நான் எப்பிடீங்க?” இந்தப் பந்து ஐந்து வருஷம் இப்படியே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது.

அவிநாசித் தேர்க் கூட்டத்தில் விரல் கோத்துக்கொண்டு நடப்பார்கள். கம்பெனி கேட் முன்னால் ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் தன் சீப்பை எடுத்து அவர் தலையை வாரி விடுவார். ஒருநாள் நாச்சிமுத்துவின் ஆள்காட்டி விரலில் மெஷின் ஊசி ஏறிவிட்டது. தையல்காரர்களுக்கு அது நடக்கக்கூடியதுதான். ஆனால் சென்னியப்பன் பாதி வெட்டிய துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். ஊசியைப் பிடுங்கினார். ரத்தம் வழிகிற விரலை எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர். விரல் யாருடையது என்றே சந்தேகம் வந்துவிடும்! நாற்பது பேர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“மச்சாங்காரன் பாசத்தைப் பாருடா!” என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் சிரித்தோம். மெஷின்கள் திரும்ப ஓட ஆரம்பித்தன.

எல்லாமே பட்டப்பகலில்தான். ஒளிவு இல்லை, மறைவு இல்லை. நானும் முறை சொல்லுகிற பெரிய மேதை; மச்சான் என்று அவர்களே சொல்லிவிட்டதால் என் மூன்று கேள்வியை இவர்களிடம் மட்டும் கேட்டதே இல்லை. எனக்கு ஏதாவது தோன்றியதா? ஒரு மண்ணும் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லிக் கடைக்கு வருகிற தபால்களைப் பிரித்துக் கொடுப்பது வழக்கமாக நான்தான். முந்தின நாள் தபாலில் நாச்சிமுத்துவுக்கு ஒரு நோட்டீஸ் வந்திருந்தது. அவருடைய குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைக்கிறார்களாம், தாராபுரத்திலிருந்து அவர் சித்தப்பா அனுப்பியிருந்தார். கோயில் பெயரைப் படித்தேன். எங்கேயோ கேட்ட பெயர்... ஆ! சென்னியப்பன் வருஷா வருஷம் ஊருக்குப் போய் எனக்குத் திருநீறு கொண்டுவந்து கொடுக்கிற அதே கோயில்!

அப்போதே வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடினேனா? பெஞ்சிலிருந்து எழுந்து நின்று கத்தினேன்.

“அடடே! ரெண்டு பேரும் ஒரே கோயிலு, ஒரே கூட்டம்! நீங்க பங்காளிங்கய்யா! அண்ணன் தம்பி! இத்தனை வருஷமா மாப்ளே மச்சான்னு கூப்பிட்டுக்கிட்டிருக்கீங்களே, விவரம் கெட்டவங்களா!”

பாராட்டுக்காகச் சுற்றிலும் பார்த்தேன்.

சென்னியப்பன் கையில் இருந்த இட்லி வாய்க்குப் போகவில்லை. நாச்சிமுத்து நோட்டீஸை வாங்கி நாலாக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார். பழனியம்மா கரண்டியோடு வெளியே வந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பங்காளியா? அப்பறம் எதுக்கு மொறைய மாத்திச் சொன்னீங்க?”

பதில் இல்லை. அவர்களுக்கு இது முன்பே தெரியும் என்பது அந்த மௌனத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

“கூட்டத்தை மாத்திச் சொல்லி ஊடு கேக்கற அளவுக்கு என்ன இருக்குது? ஊர்ல ஏதாச்சும் பண்ணிப்போட்டு வந்தீங்களா? ஒண்ணும் சொல்லமாட்டீங்கல்ல? அடுத்த மாசம் ஊட்டைக் காலி பண்ணிக்கோங்க சாமி. எனக்கு எதுக்கு வம்பு!”

பழனியம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் எதையும் சந்தேகப்படவில்லை, சந்தேகப்படக்கூட அவரிடம் வார்த்தை இல்லை. ஒரு கேள்வி கேட்டார், பதில் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஊருக்கு அது போதுமே! ஐந்து வருஷமாகப் பார்த்த அத்தனை காட்சிகளையும் ஊர் திரும்ப எடுத்துப் பார்க்க ஆரம்பித்தது. தலை வாரி விட்டது, விரலை வாயில் வைத்தது... “அண்ணன் தம்பி இப்பிடியா இருப்பாங்க?” என்று பண்டல் கட்டுகிறவர்களே என்னிடம் கேட்டார்கள்.

அடுத்த எட்டு நாள் அவர்கள் அண்ணன் தம்பியாக நடித்தார்கள். ஐயோ, அந்த நடிப்பைப் பார்க்கச் சகிக்கவில்லை! பெஞ்சில் அந்தக் கோடியில் ஒருவர், இந்தக் கோடியில் ஒருவர். “அண்ணா, தண்ணி எடுங்க.” “இந்தா தம்பி.” அதற்கு மேல் ஒரு பேச்சு கிடையாது. சைக்கிளில் சென்னியப்பன் தனியாகப் போவார். நாச்சிமுத்து பின்னால் நடந்து வருவார். மச்சானாக இருந்தபோது அவர்கள் நடித்த மாதிரியே இல்லை. உண்மையான முறையைச் சொன்ன பிறகுதான் நடிப்பு மாதிரி இருந்தது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் நாச்சிமுத்து என் லேபிள் மேஜைக்கு வந்தார். குனிந்தபடியே பேசினார்.

“சார், ஒரு ஒத்தாசை. நீங்க அன்னைக்குச் சொன்னது தப்புன்னு சொல்லிப்போட முடியுங்களா?”

“தப்பில்லையே! சரியாத்தானே சொன்னேன்?”

“சரிதானுங்க. அதுதான் வினை.”

எனக்குப் புரியவில்லை. விழித்தேன். அவர் என் மேஜையிலிருந்த லேபிள் கட்டை எடுத்து, அது ஏற்கெனவே நேராக இருந்தும், திரும்பத் திரும்ப நேராக அடுக்கினார்.

“அவரு வேற ஊடு பாத்துக்கறேங்கறாருங்க. ஆளுக்கொரு பக்கமாப் போயிரலாம், அப்பத்தான் ரெண்டு பேருக்கும் மரியாதைங்கறாரு. எனக்கு மரியாதை வேண்டாமுங்க சார். அவரு இல்லாத ஊட்டுல என்னால இருக்க முடியாது. செத்துப் போவேன்.”

கண்ணைத் துடைக்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார். ஐந்து வருஷமாக எதிரிலேயே இருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காதலித்தார்கள். புருஷன் பெண்டாட்டி எப்படி வாழ்வார்களோ அப்படி வாழ்ந்தார்கள். எழுதிவிட்டேன்! திட்டிக் கடிதம் போடுகிறவர்கள் போடலாம், விலாசம் தெரியுமே.

அன்று எனக்கு அருவருப்பு வந்ததா என்று நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. வெட்கம்தான் வந்தது — என் வாயை நினைத்து.

மறுநாள் காலை இட்லிக் கடை. பெஞ்சு நிறைய ஆட்கள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

“பழனியம்மாக்கா, ஒரு பெரிய தப்பு நடந்துபோச்சு. நாச்சிமுத்துவைச் சின்ன வயசுலயே அவங்கம்மாவோட அப்பா தத்து எடுத்துட்டாராம். இப்ப இவரு அப்புச்சியோட கூட்டம்! கூட்டமே வேற! பழைய வழக்கத்துல நோட்டீஸ் வந்திருக்கு. நான்தான் விசாரிக்காம உளறிட்டேன்.”

“தத்தா?” என்றார் பழனியம்மா.

“தத்து.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு பெஞ்சின் இரண்டு கோடிகளையும் பார்த்தார். கரண்டியால் சட்னியைக் கலக்கினார்.

“அப்ப மச்சாந்தான்! இதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா? ஏங்கண்ணு, நீயெல்லாம் மொறை சொல்றேன்னு இனி வாயைத் தொறந்தே... கரண்டிய வெச்சுப் போடுவேன்! டேய் நாச்சிமுத்து, அங்க என்னடா தனியா? தள்ளி உக்காரு, வர்றவங்களுக்கு எடம் வேணுமல்லோ.”

நாச்சிமுத்து தள்ளி உட்கார்ந்தார். தள்ளித் தள்ளி, தொடை உரசுகிற வரைக்கும்.

என் மானம் கப்பலேறியது. கம்பெனியில் எனக்கு ‘தப்புமுறை’ என்று பேர் வைத்தார்கள். யாராவது புதிதாக வேலைக்கு வந்தால், “இவர்கிட்ட உங்க கூட்டத்தைச் சொல்லாதீங்க, உங்கப்பனையே உங்களுக்கு மச்சானாக்கிப்போடுவாரு” என்று சொல்லிச் சிரிப்பார்கள். இரண்டு வருஷம் கழித்து மதராஸ் வந்து சேரும் வரை அந்தப் பேர் போகவில்லை. சென்னியப்பன் மட்டும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் ரயிலேறிய அன்று ஸ்டேஷனுக்கு வந்து, தானே வெட்டித் தைத்த அரை டஜன் பனியன் கொடுத்தார். அதில் ஒன்று இன்னும் கிழியாமல் இருக்கிறது.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன்.

தந்தி. “சென்னியப்பன் காலமானார். உடனே வரவும். நாச்சிமுத்து.”

காலையில் திருப்பூரில் இறங்கி நேரே போனேன். அதே லைன் வீடு. சென்னியப்பனைக் கிடத்தியிருந்தார்கள். மாரடைப்பு. நாற்பத்தைந்து வயசுதான். மீசை அப்படியே முறுக்காக இருந்தது.

கொமரலிங்கத்திலிருந்து அவருடைய அண்ணன் வந்திருந்தார். கூடவே ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர். எல்லாம் தயாராக இருந்தும் பிணத்தை எடுக்கவில்லை. ஏன்?

கொள்ளி வைக்க ஆள் இல்லை.

மூத்தவர் இளையவருக்குக் கொள்ளி வைக்கிற வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. அண்ணனுக்குப் பிறந்த இரண்டும் பெண் பிள்ளைகள். பங்காளிகளில் தம்பி முறை ஆகிற ஒருவர் வேண்டும். உடுமலைப் பக்கத்தில் யாரோ இருக்கிறாராம், ஆள் விட்டிருக்கிறார்கள், காணோம். அவர் சென்னியப்பன் முகத்தைக்கூடப் பார்த்ததில்லையாம்!

நாச்சிமுத்து சுவரோரமாக நின்றிருந்தார். ‘மச்சான்’ அல்லவா? மச்சானுக்குக் கொள்ளி வைக்க முறை கிடையாது. கையில் மாலையை வைத்துக்கொண்டு விருந்தாளி மாதிரி நின்றார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார். அழுது அழுது குரல் போயிருந்தது.

“சார்... அன்னைக்கு எனக்காக ஒண்ணு சொன்னீங்கல்ல. அதை இன்னைக்குத் திரும்ப வாங்கிக்கோங்க சார். மொகம் தெரியாத ஆளு கையில அவரை உட்றாதீங்க.”

பொய்யைத் திரும்ப வாங்கினால் பழைய கேள்வியும் கூடவே வருமே? இந்தத் தடவை கேட்கப்போவது சொந்த அண்ணன். சாவு வீட்டில் நாலு பெரியவர்கள் முன்னால் கேட்பாரே?

போய் நின்றேன். “ஐயா, நாச்சிமுத்து தத்துப் போனவரில்லீங்க. நான் சொன்னது பொய். அவரு உங்க கூட்டம். செத்தவருக்குத் தம்பி முறை.”

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். நாச்சிமுத்துவிடம் திரும்பினார்.

“உங்களுக்கு எந்தக் கோயிலுங்க?”

நாச்சிமுத்து கோயில் பெயரைச் சொன்னார். ஊரறிய அதைச் சொல்வது அவருக்கு அதுதான் முதல் தடவை. “அங்கிருக்கற பெரிய மணியில எங்க பாட்டன் பேரு இருக்குதுங்க” என்று பேரையும் சொன்னார்.

“அட! தாராபுரத்துக்குப் போன வகையறாவா? அந்த மணிய நான் அடிச்சிருக்கறேனே! நம்ம ஆளுதான்... ஏனுங்க, அப்பறம் எதுக்குங்க இத்தனை வருஷமா மச்சான்னு—”

வந்தே விட்டது. நாச்சிமுத்து தலை குனிந்தார்.

“ஏனுங்க!” பழனியம்மாவின் குரல். தலை முழுக்க நரைத்துவிட்டது, குரல் நரைக்கவில்லை. “பொணத்தை வாசல்ல போட்டு வெச்சுக்கிட்டு நாயம் பேசற நேரமாங்க இது? வெயிலு ஏறுதல்லோ! இந்த லேபிள்காரக் கண்ணு அன்னைக்கு மொதல்ல சொன்னதுதான் நெசம். அப்பறம் சொன்னது பொய்யின்னு எனக்கு அப்பவே தெரியுமுங்க. தெரிஞ்சுதான் ஊட்டுல இருக்க உட்டேன். பதினேழு வருஷமா என்ற ஊட்டுல இருக்கறாங்க, இந்த ரெண்டு பேராட்ட ஒருத்தரையொருத்தர் பாத்துக்கிட்ட ஆளுங்களை நான் பாத்ததில்லை. ஆகற வேலையப் பாருங்க!”

அண்ணன் வாசலில் மாட்டியிருந்த இரண்டு சட்டைகளையும், சுவரில் சாய்த்திருந்த ஒரே சைக்கிளையும் பார்த்தார். பிறகு நாச்சிமுத்துவின் கையிலிருந்த மாலையைத் தானே வாங்கி வைத்தார்.

“வாங்க சாமி. தலைக்குத் தண்ணி வாத்துக்கிட்டு வாங்க. நீங்கதான் கொடத்தை எடுக்கோணும்.”

நாச்சிமுத்துவுக்கு மொட்டை அடித்தார்கள். ஈர வேட்டியோடு குடத்தைத் தோளில் வைத்து மூன்று சுற்று வந்தார். கால் தடுமாறவில்லை. கொள்ளியைக் கையில் கொடுத்தார்கள். “அண்ணான்னு மனசுல நெனச்சு வெய்யுங்க” என்றார் ஒரு பெரியவர். திரும்பிப் பார்க்காமல் பின்பக்கமாக வைத்தார். அது வரைக்கும் எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

வைத்தவுடன் சுடுகாடு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

“மச்சா...ன்!”

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அண்ணன் மட்டும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போச்சாதுங்க, உடுங்க. கூப்புட்டுப் பழகுன வாயி” என்றார்.

மறுநாள் கிளம்பும்போது நாச்சிமுத்துவிடம் கேட்டேன், இதை எழுதட்டுமா என்று. “பேரை மாத்திப்போட்டு எழுதுங்க சார்” என்றார். “ஆனா நாங்க நல்லா இருந்தோம்னு எழுதுங்க.”

நன்றாக இருந்தார்கள்.

இத்தனை நாள் பழக்கத்தில், சுடுகாட்டில் அந்தக் குரலைக் கேட்டதும் “அது தப்பு, அண்ணா என்று கூப்பிட வேண்டும்” என்று என் வாயில் வந்திருக்க வேண்டும்... வரவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் முறை சரியாகச் சொன்னதைக் கேட்டேன்!